மாநிறத் தோலில் ரோசேசியா: களிம்பா, மாத்திரையா, லேசரா?

என் கன்னத்தில் ஏதோ சரியில்லை என்று முதலில் காட்டிக்கொடுத்தது இட்லிப் பானைதான். காலையில் மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடிக்கும். அடுத்த முக்கால் மணி நேரம் இரண்டு கன்னமும் மிளகாய் அரைத்த கையால் தொட்ட மாதிரி எரியும். கண்ணாடியில் பார்த்தால் சிவப்பு பெரிதாகத் தெரியாது. மாநிறம் என்பதால் கன்னம் கொஞ்சம் கறுத்து, லேசாக வீங்கினாற்போல் இருக்கும், அவ்வளவுதான். மூக்கின் இரு பக்கமும் சின்னச் சின்னக் கட்டிகள். "உடம்புச் சூடு, எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்றார் அம்மா. அலுவலகத்தில் "இந்த வயசுலயுமா பரு?" என்றார்கள். இதற்கு ரோசேசியா என்று ஒரு பெயர் இருப்பது தெரியவே எனக்கு இரண்டரை வருடம் ஆனது.

இப்போது தெரிந்தவர்கள் யாராவது இதைப் பற்றிக் கேட்டால், எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "எந்த ஆயின்மென்ட் நல்லது?" நான் மருத்துவர் இல்லை. ஆனால் இந்த வழியில் இருக்கிற மருந்துகளில் பாதியை என் முகத்தில் பார்த்தவள், மீதியைப் பற்றிப் படித்தவள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கேட்க வேண்டியது "எந்த மருந்து" என்பதை அல்ல, "எனக்கு எது அதிகத் தொந்தரவு" என்பதை. ரோசேசியா என்பது ஒரே தொல்லை இல்லை. திடீரென முகம் சூடாகிச் சிவப்பது, நிரந்தரமாகத் தங்கிவிட்ட சிவப்பு, சீழ்க்கட்டிகள், நூல் போலத் தெரியும் ரத்தக் குழாய்கள், கண் உறுத்தல், சிலருக்கு மூக்குத் தோல் தடித்துப்போவது என்று பல சேர்ந்தது. அமெரிக்காவின் தேசிய ரோசேசியா சங்கம் 2002இல் இதை நான்கு வகையாகப் பிரித்தது. ஒரே ஆளிடம் இரண்டு மூன்று வகை கலந்தே வருவதால் 2017இல் அந்தப் பிரிவை விட்டுவிட்டு, ஒவ்வொருவரிடமும் எந்த அறிகுறி இருக்கிறதோ அதைப் பார்த்து முடிவெடுக்கும் முறைக்கு மாறினார்கள். கட்டியை அடக்குகிற மருந்து சிவப்பைப் பெரிதாக அசைக்காது. சிவப்பைக் குறைக்கிற மருந்து கட்டியைத் தொடாது. பாதிப் பேர் "மருந்து வேலை செய்யல" என்று கைவிடுவது இந்த இடத்தில்தான்.

முதலில் ரோசேசியாதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சாதாரணப் பருவில் கரும்புள்ளி, வெண்புள்ளி இருக்கும், ரோசேசியாவில் இருக்காது. லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோயில் வரும் பட்டாம்பூச்சி வடிவத் தடிப்பு, மூக்கிலிருந்து வாய் ஓரம் வரை ஓடும் மடிப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும், சீழ்க்கட்டியும் இருக்காது. நம் நிறத்தில் சிவப்பைக் கண்டுபிடிப்பது மருத்துவருக்கே சிரமம். என் மருத்துவர் ஒரு சின்னக் கண்ணாடித் தகட்டைக் கன்னத்தில் வைத்து அழுத்தி, எடுத்து, நிறம் வெளுத்துத் திரும்புவதைக் காட்டினார். பின்னால் அடர் நீலத் துணி வைத்துப் படமெடுத்தால் சிவப்பு நன்றாகப் பதியும் என்றும் சொன்னார். வீட்டில் செய்து பார்த்தேன். அதுவரை 'கறுப்பு' என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது படத்தில் சிவப்பாகத் தெரிந்தது.

எந்த மருந்துக்கும் முன்னால் நிறுத்த வேண்டிய ஒன்று

நான் செய்த பெரிய தவறை இங்கே சொல்லியாக வேண்டும். டாக்டரிடம் போவதற்கு முன் மருந்துக்கடையில் "முகத்துல பரு, எரிச்சல்" என்று கேட்டு ஒரு ட்யூப் வாங்கினேன். மூன்றே நாளில் முகம் தெளிந்தது. எரிச்சல் போனது, நிறம்கூட ஒரு படி கூடினாற்போல இருந்தது. சொந்தக்காரர்கள் இரண்டு பேருக்கு அதே ட்யூபைச் சிபாரிசு செய்தேன். நான்கு மாதம் கழித்து ஒரு நாள் தடவ மறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மறுநாள் காலை முகம் முழுக்கத் தீப்பட்டது போல் எரிந்தது. தோல் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்து, உள்ளே இருக்கும் ரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்தன.

அந்த ட்யூபில் இருந்தது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ட்யூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயினோடு சேர்த்து 'சிவப்பழகு' களிம்பாகவும், பூஞ்சை மருந்தோடு சேர்த்துப் படர்தாமரைக் களிம்பாகவும் வரும். ஸ்டீராய்டு ரத்தக் குழாயைச் சுருக்குவதால் முதலில் எல்லாம் நன்றாகத் தெரியும். நிறுத்தியதும் குழாய்கள் முன்னைவிட அகலமாக விரியும். தாங்க முடியாமல் மறுபடி தடவுவோம், அப்படியே அதற்கு அடிமையாகிவிடுவோம். ரோசேசியா இல்லாதவருக்கும் அதே மாதிரித் தோற்றத்தை இது உண்டாக்கும். இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் இதற்கு எதிராகத் தனிக் குழுவே வைத்திருக்கிறது.

நிறுத்தினால் முதல் சில வாரங்கள் மோசமாகத்தான் இருக்கும். சிலருக்கு மாதக்கணக்கில்கூட நீளும். வீரியம் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்றிப் படிப்படியாக விடுவதா, ஒரேயடியாக நிறுத்திவிட்டு டாக்ரோலிமஸ் மாதிரி ஸ்டீராய்டு அல்லாத களிம்பைத் துணைக்கு வைத்துக்கொள்வதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தனியாக முயன்றால் இரண்டாம் வாரத்தில் பழைய ட்யூபைத் தேடிப் போய்விடுவோம். நான் போனேன்.

கட்டிகளுக்கு மூன்று களிம்புகள்

சீழ்க்கட்டிதான் முக்கியத் தொந்தரவு என்றால் போட்டி மூன்று மருந்துகளுக்குள்: மெட்ரோனிடசோல், அசலெயிக் அமிலம், ஐவர்மெக்டின்.

மெட்ரோனிடசோல் பழையது, விலை குறைவு, சாது. 0.75 சதவீத ஜெல் என்றால் தினம் இரு முறை, 1 சதவீதம் என்றால் ஒரு முறை. எரிச்சல் மிகக் குறைவு என்பதால் ஸ்டீராய்டால் நொந்துபோன தோலுக்கு முதலில் இதைத்தான் பல மருத்துவர்கள் தருகிறார்கள். பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இதே பெயரில் ஈறு வீக்கத்துக்கான ஜெல்லும் கிடைக்கிறது. அதில் குளோர்ஹெக்சிடின் சேர்ந்திருக்கும், அது வாய்க்கானது. கடைப் பையன் அவசரத்தில் அதை எடுத்துக் கொடுத்து, எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு வாரம் முகத்தில் தடவியிருக்கிறார். சீட்டில் எழுதியதையும் அட்டையில் எழுதியதையும் ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அசலெயிக் அமிலம் கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இயற்கையாகவே இருக்கும் பொருள். ரோசேசியாவுக்குச் சோதித்து அங்கீகரித்தது 15 சதவீத ஜெல். நம் கடைகளில் 10, 20 சதவீதமும் உண்டு. மெட்ரோனிடசோல் 0.75 சதவீத ஜெல்லோடு இதை நேருக்கு நேர் வைத்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், 15 வாரத்தில் அசலெயிக் தடவியவர்களுக்குக் கட்டிகள் சுமார் 73 சதவீதமும் மற்றவர்களுக்குச் சுமார் 56 சதவீதமும் குறைந்தன. ஆனால் அரிப்பும் சுருக்கென்ற குத்தலும் இதில் அதிகம். முதல் இரண்டு வாரம் தடவியதும் பத்து நிமிடம் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். முதலில் மாய்ஸ்சரைசர் தடவி, அது உறிஞ்சிய பிறகு ஒரு பட்டாணி அளவு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆரம்பித்ததால்தான் என்னால் தாங்க முடிந்தது.

இந்தக் குத்தலையும் மீறி நம் நிறத்தவருக்கு நான் முதலில் யோசிக்கச் சொல்வது அசலெயிக்தான். மாநிறத் தோலில் கட்டி ஆறினாலும் கதை முடியாது. அந்த இடத்தில் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். அசலெயிக் அமிலம் நிறமி உருவாக்கும் டைரோசினேஸ் நொதியைத் தடுப்பதால் கட்டியோடு சேர்த்து அந்தக் கறுப்பையும் மெல்லக் குறைக்கும். மற்ற இரண்டு மருந்துக்கும் இந்தக் குணம் இல்லை. வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதிய ஒப்பீடுகளில் இந்த ஒரு விஷயத்தை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நமக்கோ அதுதான் பாதிக் கவலை. இன்னொன்று, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மருத்துவர்கள் தயங்காமல் எழுதிக் கொடுக்கும் மருந்துகளில் இதுவும் ஒன்று.

ஐவர்மெக்டின் 1 சதவீதக் களிம்பு மூன்றில் இளையது. அமெரிக்காவில் 2014 டிசம்பரில் அனுமதி பெற்றது. எல்லோர் முகத்திலும் மயிர்க்கால்களுக்குள் டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி வாழ்கிறது. ரோசேசியா உள்ளவர்களிடம் அதன் எண்ணிக்கை அதிகம். ஐவர்மெக்டின் அதையும் குறைக்கும், அழற்சியையும் தணிக்கும். 962 பேரை வைத்து 16 வாரம் நடந்த ஐரோப்பிய ஆய்வில், தினம் ஒரு முறை ஐவர்மெக்டின் தடவியவர்களுக்குக் கட்டிகள் 83 சதவீதமும், தினம் இரு முறை மெட்ரோனிடசோல் தடவியவர்களுக்கு 73.7 சதவீதமும் குறைந்தன. எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது அடுத்து வந்த தகவல். முகம் தெளிந்தவர்கள் மருந்தை நிறுத்திய பின் மறுபடி கட்டி வர, ஐவர்மெக்டின் பக்கம் சராசரியாக 115 நாளும் மெட்ரோனிடசோல் பக்கம் 85 நாளும் ஆனது. அதாவது இரண்டிலுமே திரும்பி வரத்தான் செய்கிறது. இது நிறுத்திவிட்டு மறந்துவிடுகிற வைத்தியம் இல்லை என்பதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும்.

எரிச்சல் குறைவு, ஒரு வேளை போதும் என்பதால் ஐவர்மெக்டின் வசதியானது; விலைதான் இடிக்கும். பேனுக்குத் தரும் ஐவர்மெக்டின் லோஷன் வேறு அளவு, வேறு கலவை. அதை முகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

மாத்திரை எப்போது?

களிம்பு எட்டு, பன்னிரண்டு வாரம் தடவியும் கட்டிகள் அடங்கவில்லை, அல்லது ஆரம்பத்திலேயே முகம் நிறையக் கட்டி, அல்லது கண்ணும் சேர்ந்து பாதிப்பு என்றால் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக். ரோசேசியாவில் இது கிருமியைக் கொல்லும் வேலையைச் செய்வதில்லை, அழற்சியைத் தணிக்கும் வேலையைச் செய்கிறது. அதனால்தான் 40 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 2006இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அதில் 30 மில்லிகிராம் உடனே கரையும், மீதி 10 மெதுவாகக் கரையும்; ரத்தத்தில் கிருமியைக் கொல்லும் அளவுக்கு ஏறாது என்பதால் கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போகும் பயமும் குறைவு. 100 மில்லிகிராமோடு ஒப்பிட்டபோது பலன் கிட்டத்தட்ட அதேதான், வயிற்றுத் தொல்லை மட்டும் குறைந்தது. சீட்டில் 100 எழுதியிருந்தால் "40 ஒத்துவருமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

எந்த அளவாக இருந்தாலும் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். இரும்புச்சத்து மாத்திரை, அசிடிட்டி மருந்து இரண்டையும் அதோடு சேர்த்துப் போடக் கூடாது. வெயில் சுலபமாகச் சுட்டுவிடும் என்பதால் சித்திரை, வைகாசியில் இதை ஆரம்பிப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் சாப்பிடக் கூடாது.

இதற்கும் அடங்காதவர்களுக்குக் குறைந்த அளவு ஐசோட்ரெட்டினாயின் உண்டு. பிடிவாதமான கட்டிகளுக்கும் மூக்கு தடிக்க ஆரம்பிக்கும் நிலைக்கும் நல்ல பலன் தரும். ஆனால் கருவை மோசமாகச் சிதைக்கும் மருந்து இது. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்கள் கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்து, சாப்பிடும் காலம் முழுக்கவும் நிறுத்திய பின் ஒரு மாதமும் கருத்தடையோடு இருந்தே ஆக வேண்டும். தோல் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல் இதை யாரும் தொடக் கூடாது.

தங்கிவிட்ட சிவப்புக்கு

பிரிமோனிடின் 0.33 சதவீத ஜெல் ரத்தக் குழாயைத் தற்காலிகமாகச் சுருக்கும். அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும், பன்னிரண்டு மணி நேரம் வரை நிற்கும். கேட்கக் கல்யாண வீட்டுக்குப் போகத் தோதான மருந்து மாதிரி இருக்கிறது. ஆனால் சிலருக்கு மருந்தின் வேகம் இறங்கும்போது சிவப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பி வருகிறது. ஸ்டீராய்டு நிறுத்தியபோது பட்டதை நினைத்து நான் இதைத் தொடவில்லை. பயன்படுத்த விரும்பினால் முக்கியமான நாளுக்கு இரண்டு வாரம் முன்பே, வீட்டில் இருக்கும் ஒரு நாளில், கன்னத்தில் ஒரு சின்ன இடத்தில் போட்டுப் பாருங்கள்.

லேசரும் ஐபிஎல் என்ற ஒளிச் சிகிச்சையும்தான் தெரியும் ரத்தக் குழாய்களுக்கு உண்மையான தீர்வு. எந்தக் களிம்பும் அவற்றை அழிக்காது. சில வார இடைவெளியில் சில அமர்வுகள் தேவைப்படும், ஓரிரு வருடத்தில் மறுபடி ஒரு அமர்வு வேண்டியிருக்கலாம். நம் தோலுக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. ரத்தத்தின் சிவப்பு உறிஞ்ச வேண்டிய ஒளியைத் தோலின் நிறமியான மெலனினும் உறிஞ்சிக்கொள்ளும். குழாய் சுருங்குவதற்குப் பதில் தோல் வெந்து, கறுப்போ வெள்ளையோ தழும்பாக நின்றுவிடலாம். 595 நானோமீட்டர் அலைநீளமுள்ள பல்ஸ்டு டை லேசரும் ஐபிஎல்லும் வெளிர்ந்த நிறத்தில் அருமையாக வேலை செய்பவை. மாநிறத்தில் கை தேர்ந்தவர் மட்டுமே செய்ய வேண்டும். 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் மெலனினை அவ்வளவாகச் சீண்டாமல் ஆழத்துக்குப் போவதால் நமக்கு ஒப்பீட்டில் பாதுகாப்பானது. பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த அலைநீளம்? என் நிறத்தவருக்கு இதற்கு முன் செய்த படங்கள் உண்டா? தாடை ஓரத்தில் சின்ன இடத்தில் சோதித்து, சில வாரம் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாமா? மூன்றாவதற்கு "தேவையில்லை" என்று பதில் வந்தால் நான் எழுந்து வந்துவிடுவேன். அழகு நிலையத்தில் முடி அகற்றும் ஐபிஎல் கருவியை வைத்து இதைச் செய்துகொள்ளவே வேண்டாம்.

கண்ணைப் பற்றி ஒன்று. மணல் விழுந்த மாதிரி உறுத்தல், இமை ஓரச் சிவப்பு, அடிக்கடி கண்கட்டி ஆகியவை ரோசேசியாவோடு சேர்ந்தவையாக இருக்கலாம். வெதுவெதுப்பான துணி ஒத்தடம், இமை ஓரத்தைச் சுத்தமாக வைப்பது, செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, தேவைப்பட்டால் டாக்சிசைக்ளின் என்று போகும். வெளிச்சம் கூசினாலோ பார்வை மங்கினாலோ தோல் மருத்துவரிடம் முறை வரும்வரை காத்திருக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கருவிழி பாதிக்கப்பட்டால் பார்வைக்கே ஆபத்து.

வீட்டில் செய்வது

சன்ஸ்கிரீன் இல்லாமல் மேலே சொன்ன எதுவும் முழுப் பலன் தராது. ரசாயன வகைகள் என் கன்னத்தைக் குத்தின. சிங்க் ஆக்சைடு உள்ளது ஒத்துக்கொண்டது, ஆனால் முகத்தில் விபூதி பூசியது போல் வெள்ளையடித்தது. அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலேயே வரும் வகைக்கு மாறியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. கறுப்புத் தழும்புக்கும் அதுதான் நல்லது.

கடலை மாவு, எலுமிச்சை, கல் உப்புத் தேய்ப்பு, பார்லர் ப்ளீச் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கஸ்தூரி மஞ்சளில் நமக்கு நம்பிக்கை அதிகம், எனக்கும்தான். ஆனாலும் எரியும் தோலில் எந்தப் பொடியைத் தேய்த்தாலும் எரிச்சல் கூடும். சளிக்கு ஆவி பிடிப்பது இன்னொன்று. போர்வையைப் போர்த்திக்கொண்டு ஐந்து நிமிடம் ஆவி பிடித்தால் மூன்று நாள் கன்னம் பழுத்துக் கிடக்கும். மூக்கு அடைத்தால் உப்புநீர் சொட்டுதான் இப்போது எனக்கு.

காபியை விடச் சொன்னவர்கள் நிறையப் பேர். காபியில் முகத்தைச் சிவக்க வைப்பது காஃபின் இல்லை, சூடுதான். 2018இல் வெளியான, எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், காபி அதிகம் குடித்தவர்களிடம் ரோசேசியா குறைவாகவே இருந்தது. டபராவில் நாலு ஆற்று ஆற்றிக் குடிப்பது போதும். காரம், வெயில், மன அழுத்தம், ஹெல்மெட்டுக்குள் சேரும் சூடு என்று ஒவ்வொருவருக்கும் தூண்டுவது வேறு. எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று விட்டுப் பாருங்கள்.

சரி, நானாக இருந்தால் எதை எடுப்பேன்? கட்டியும் கறுப்பும் சேர்ந்திருந்தால் அசலெயிக். அதன் குத்தல் தாங்கவே முடியாவிட்டால், பணம் இருந்தால் ஐவர்மெக்டின், இல்லாவிட்டால் மெட்ரோனிடசோல். ஸ்டீராய்டிலிருந்து இப்போதுதான் வெளியே வருபவர் மெட்ரோனிடசோலும் மாய்ஸ்சரைசரும் மட்டும் வைத்து மூன்று மாதம் தோலை ஆற விடலாம். கட்டி நிறைய இருந்தால் களிம்போடு சில மாதம் டாக்சிசைக்ளின். அடங்கியதும் மாத்திரையை நிறுத்திக் களிம்பைத் தொடர்வது. லேசர், இதெல்லாம் அடங்கி, குழாய்கள் மட்டும் மிச்சமிருந்து, அது மனதை உறுத்தினால் மட்டும். நான் இப்போது அசலெயிக்கில் நிற்கிறேன், லேசர் செய்துகொள்ளவில்லை.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வீட்டிலிருக்கும் எல்லா ட்யூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பாதி பிழிந்தது, பெயர் அழிந்தது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது, சொல்லக் கூச்சமாக இருக்கும் சிவப்பழகு க்ரீம் எல்லாம். முகம் மோசமாக இருந்த நாளில் எடுத்த படத்தையும் ஃபோனில் வைத்திருங்கள், ஏனென்றால் டாக்டரிடம் போகிற அன்று முகம் பெரும்பாலும் தெளிவாகத்தான் இருக்கும்.